நாற்பத்தேழின் தண்ணீர்

“மாமியார் வந்தாச்சு!”

இந்த ஒரு சத்தம் கேட்டால் போதும். பள்ளம் தோண்டுகிற இயந்திரம் நிற்கும், லாரி நிற்கும், வெல்டிங் வைக்கிறவன் முகமூடியைத் தூக்கிவிட்டு நிழல் தேடிப் போவான். எங்கோ ஒரு ஆமை வந்திருக்கிறது என்று அர்த்தம்.

பெயர் வைத்தவன் மேஸ்திரி வெர்ல் கப்ளர்.

“தொடக்கூடாது, எதிர்த்துப் பேசக்கூடாது, எப்ப கிளம்புவீங்கன்னு கேக்கக்கூடாது. வேற என்ன பேர் வைக்கறது, நீங்களே சொல்லுங்க சிஸ்டர் ஸ்டக்கி.”

“உன் மாமியார் காதுல விழட்டும், அப்ப தெரியும்.”

“அவங்களுக்காகத்தானே இந்தக் குழாயே போடறேன்! வாரத்துக்கு மூணு நாள் டவுன்ல இருக்கற எங்க வீட்டுக்குக் குளிக்க வர்றாங்க. உங்க ஆமைகளைச் சீக்கிரம் நடக்கச் சொல்லுங்க, என் குடும்பம் பிழைச்சுப் போகும்.”

சிஸ்டர் ஸ்டக்கி நான்தான்; எங்கள் சபையில் பெண்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அப்போது எனக்கு அறுபத்தெட்டு வயது. தபால் நிலையத்தில் முப்பத்தோரு வருடம் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்து, முகவரி திருத்தி எழுதி ஓய்வு பெற்றவள். வீட்டில் உட்காரப் பிடிக்காமல் காப்பு நிலத்தில் ஆமைகளைக் கணக்கெடுக்கப் போய் ஏழு வசந்தம் நடந்திருந்தேன். குழாய் வேலை வந்தபோது என்னையே காவலுக்கு வைத்தார்கள்.

எங்கள் வில்லோ ஃப்ளாட்டில் நாற்பத்து மூன்று வீடுகள். வில்லோ மரம் ஒன்றுகூடக் கிடையாது. கிணறுகள் முதலில் இறங்கின, பிறகு உப்பாயின, பிறகு ஆர்சனிக் நஞ்சு என்று சொல்லிப் பூட்டச் சொன்னார்கள். அதற்குப் பிறகு எல்லோரும் பிக்கப் வண்டியின் முதுகில் நீலத் தொட்டியை ஏற்றிக்கொண்டு நகரத்துக்குப் போய்த் தண்ணீர் கொண்டுவந்தோம். குழாய் பதினோரு மைல். அதில் ஏழு மைல் ஆமைகளின் காப்பு நிலத்துக்கு அடியில். ஐந்து வருடம் வாதாடிக் கடைசியில் ஒரு உடன்பாட்டுக்கு வந்தார்கள்: குழாய் போகலாம், போன சுவடு தெரியக்கூடாது. மேல்மண்ணைத் தனியாக எடுத்துவைத்து மேலேயே போட வேண்டும். புதரை வேரோடு பெயர்த்தால் காப்பாற்றித் திரும்ப நட வேண்டும். ஒரு கல்லைப் புரட்டினால்கூட, வெயிலில் கருத்த முகம் மேலே இருக்கும்படிதான் திருப்பி வைக்க வேண்டும்.

ஆமை விஷயத்தில் என் அதிகாரம் ஒரே ஒரு சொல்தான்: “நில்.” அதைச் சொன்னால் எல்லாம் நிற்கும். ஆனால் தொடுவதற்கு எனக்கு உரிமை இல்லை. அந்த அனுமதிச் சீட்டு கோரினா வால்டெஸ் ஒருத்தியிடம்தான் இருந்தது. உயிரியல் படித்தவள், ஆமைக் கணக்கெடுப்பிலிருந்தே எனக்குப் பழக்கம், நாற்பது வயதுக்குள், வேலை நடக்கும் இடத்திலேயே ஒரு டிரெய்லரில் தங்கியிருந்தாள். புதிதாக யார் வேலைக்கு வந்தாலும் முதல் நாள் அவள் பேச்சைக் கேட்க வேண்டும். கேட்டால்தான் தலைக்கவசத்தில் ஒட்டுகிற ஆமைப் படம் கிடைக்கும்.

“இவ வயித்துக்குள்ள இருக்கறது போன வருஷத்து மழை,” என்பாள் கோரினா, ஆமைப் படத்தைக் காட்டி. “ஒரு பை நிறைய வெச்சிருப்பா. கோடை முழுக்க அதை வெச்சுத்தான் ஓட்டுவா. நீங்க பாசமா தூக்கினாலும் சரி, பயமுறுத்தத் தூக்கினாலும் சரி, அவளுக்கு ரெண்டும் ஒண்ணுதான். பயந்தா அதை அப்படியே விட்டுடுவா. அப்புறம் அடுத்த மழை வரைக்கும் அவகிட்ட எதுவும் இல்லை. அடுத்த மழை எப்ப?”

யாராவது ஒருவன் சொல்வான், “ஆகஸ்டுல... வந்தா.”

“அதனால தூக்காதீங்க. வெயில் தொண்ணூத்தஞ்சு ஃபாரன்ஹீட்டைத் தாண்டிட்டா நானே தூக்கமாட்டேன்.”

இந்தப் பேச்சை நான் பத்தொன்பது தடவை கேட்டிருக்கிறேன். ஆமைப் படங்களைப் பிரித்துக் கொடுப்பதே நான்தான்.

ஊரில் என் மதிப்பு எப்படி இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பக்கத்து வீட்டு ஓர்ஃபா லெவிட் எழுபத்து நான்கு வயதில் தன் நீலத் தொட்டியைத் தானே ஓட்டிக்கொண்டு போவாள். மே மாதக் கடைசியில் ஒருநாள் தேவாலயத்துக்கு வெளியே என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“இந்த வாரம் எத்தனை மணி நேரம் நிறுத்தினே?”

“பதினாலு.”

“பதினாலு! பிரசவ வலியே அவ்வளவு நேரம் இல்ல எனக்கு.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

“சட்டம் ஓர்ஃபா. நான் என்ன பண்ணட்டும்?”

“ஒண்ணும் பண்ண வேண்டாம். அடுத்த ஜென்மத்துல நானும் ஓடு வெச்சுக்கிட்டுப் பொறக்கறேன். அப்பவாவது நீ எனக்குக் குடை பிடிப்பே.”

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். மறுநாள் எனக்கு ஒரு புட்டி பீச் ஜாம்கூடக் கொண்டுவந்தாள். ஆனால் அந்தச் சிரிப்பு என் காதிலேயே நின்றுவிட்டது. இந்த ஊரில் பிறந்து, இந்த ஊரிலேயே புருஷனை அடக்கம் செய்தவள் நான். அன்று அவர்கள் எல்லோரும் ஒரு பக்கம் நின்றார்கள், நான் ஒருத்தி மறுபக்கம்.

அடுத்து வந்த வியாழக்கிழமை, ஜூன் நான்காம் தேதி.

குழாய் திரும்புகிற முழங்கையில் காங்கிரீட் போட வேண்டிய நாள். அது இல்லாவிட்டால் தண்ணீரின் அழுத்தம் முழங்கையைத் தள்ளிப் பிய்த்துவிடும். காங்கிரீட் லாரி காலை ஒன்பதுக்கு வந்தது. வழியில் ஏதோ டயர் தகராறு என்று ஓட்டுநர் ஏற்கெனவே எரிச்சலில் இருந்தான். வண்டியை நிறுத்திவிட்டு வெர்லும் அவனும் எங்கே ஊற்றுவது என்று பத்து நிமிடம் பேசினார்கள். லாரி பின்னால் நகரும் முன் நான் வழக்கம்போலக் குனிந்து சக்கரங்களுக்கு அடியில் பார்த்தேன்.

பின்சக்கரத்தை ஒட்டி, நிழலில், நாற்பத்தேழு உட்கார்ந்திருந்தாள்.

எண் அவள் ஓட்டில் ஒட்டியிருக்கும். பக்கத்தில், அவள் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கிற ஒரு சின்ன ரேடியோ. என்னைவிடச் சில வயது இளையவளாக இருக்கலாம், அல்லது மூத்தவளாக. இடது முன்காலில் ஒரு நகம் கிடையாது. ஏழு வருடமாக எனக்குத் தெரிந்தவள்.

“மாமியார்,” என்றேன். எனக்குக் கத்தத் தோன்றவில்லை.

வெர்ல் வந்து குனிந்து பார்த்தான். அவன் முகத்தில் விளையாட்டு இல்லை.

“எவ்வளவு நேரம் உக்காருவா?”

“நிழல் இருக்கற வரைக்கும்.”

“நிழலே லாரியோடதுதானே!”

“ஆமா.”

“கோரினா எங்க?”

“வடக்குக் கோடியில. ரேடியோவுல கூப்பிட்டேன். வர ஒரு மணி நேரம் ஆகும். வந்தாலும்...” நான் வெப்பமானியைப் பார்த்தேன். தொண்ணூற்றாறு. “வந்தாலும் தொடமாட்டா.”

ஓட்டுநர் தலைக்கவசத்தைக் கழற்றித் தொடையில் அடித்துக்கொண்டான். “தொண்ணூறு நிமிஷம்தான் இந்தச் சரக்கு தாங்கும். அறுபது போயாச்சு. இது உள்ள இறுகிடுச்சுன்னா சுத்தியல் வெச்சுத்தான் உடைக்கணும். நானா உடைப்பேன்? இந்த அம்மாவா?”

“வாயை மூடு,” என்றான் வெர்ல். பிறகு என்னைப் பார்த்தான். “சிஸ்டர் ஸ்டக்கி, இன்னிக்கி ஊத்தலன்னா அடுத்த லாரி பத்து நாள் கழிச்சு. பத்து நாள் போச்சுன்னா ஜூலை இருபத்துநாலு போச்சு.”

ஜூலை இருபத்து நான்கு, எங்கள் முன்னோர் இந்தப் பக்கம் வந்து குடியேறிய திருநாள். அன்றைக்குக் குழாயைத் திறப்பதாக ஊரே நாள் குறித்திருந்தது. பந்தல் சொல்லியாகிவிட்டது, வாத்தியக்குழு சொல்லியாகிவிட்டது.

“எனக்குத் தெரியும்,” என்றேன்.

“நான் உங்ககிட்ட எதுவும் கேக்கல.”

“தெரியும் வெர்ல்.”

“நான் எதுவுமே கேக்கல. இவனுங்களும் கேக்கல.” அவன் ஆட்கள் பக்கம் திரும்பினான். “டேய் பசங்களா, அந்த மலையைப் பாத்திருக்கீங்களா? ரொம்ப அழகான மலை. எல்லாரும் கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிப் பாருங்க.”

ஆறு ஆண்கள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மலையைப் பார்த்தார்கள். ஒருவன், “ஆமா, என்ன அழகு!” என்றுகூடச் சொன்னான்.

கையுறைகள் என் வண்டியில் இருந்தன, இருநூறு அடி தள்ளி. போய் எடுத்துவந்தால் யோசிக்க நேரம் வந்துவிடும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. வெறும் கையோடு லாரிக்கு அடியில் நுழைந்தேன். ஓடு சுடாமல், ரொட்டி ஆறிய பிறகு தட்டு இருக்குமே அப்படி இருந்தது. மெதுவாக, சாய்க்காமல், நேராகத் தூக்க வேண்டும். அதுவும் எனக்குத் தெரியும். ஆனால் முட்டிபோட்டு எழுந்திருக்கும்போது என் முழங்கால் மடங்கியது. அவள் என் கையில் ஒரு பக்கமாகச் சரிந்தாள். சரிந்ததும் விட்டுவிட்டாள்.

கொஞ்சம் அல்ல. என் மணிக்கட்டில், சட்டைக் கைக்குள், கால்சட்டையின் முன்பக்கம் முழுக்க. நான் நடக்க நடக்க வந்துகொண்டே இருந்தது. நாற்பது அடி தள்ளி ஒரு கிரியோசோட் புதரின் அடியில் அவளை வைத்தேன். திரும்பிப் பார்த்தால் மணலில் புள்ளிபுள்ளியாக ஒரு ஈரக் கோடு. போன ஆகஸ்டு மாதத்து மழை அது. நான் லாரிப் பக்கம் வந்து சேர்வதற்குள் பாதிக் கோடு காய்ந்துவிட்டது. என் கால்சட்டையும் காய்ந்துகொண்டிருந்தது.

“ரொம்ப நல்ல மலை,” என்றான் வெர்ல், திரும்பாமலே. “பாத்து முடிச்சாச்சா, சிஸ்டர் ஸ்டக்கி?”

“ஊத்துங்க,” என்றேன்.

கோரினாவை ரேடியோவில் கூப்பிட்டு, லாரி நிழலில் இருந்த நாற்பத்தேழு போய்விட்டாள், வர வேண்டாம் என்றேன். குறிப்பேட்டில் எழுதினேன்: “காலை 9.25. எண் 47. வாகனத்தின் அடியில். தானாக நடந்து சென்றது.”

சாயங்காலம் குறிப்பேட்டைக் கொடுக்க டிரெய்லருக்குப் போனேன். கோரினா ஷூவைக் கழற்றிவிட்டு, கால்களை ஒரு சின்ன வாளித் தண்ணீரில் வைத்துக்கொண்டிருந்தாள்.

“நாற்பத்தேழா! கிழவி எப்படி இருக்கா?”

“நல்லா இருக்கா.”

“தானா போனாளா? லாரி நிழலை விட்டுட்டு, அந்த வெயில்ல?”

“தானாத்தான் போனா.”

“பயந்தாளா? தண்ணி விட்டாளா?”

அவள் வழக்கமாகக் கேட்கிற கேள்விதான். குறிப்பேட்டில் அதற்கென்று ஒரு கட்டம் இருக்கிறது. வெளியே அப்போது எண்பத்தெட்டு டிகிரி. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் அந்தக் காலோடேயே எழுந்து, தொட்டியை எடுத்துக்கொண்டு போய், நாற்பத்தேழைத் தண்ணீரில் உட்காரவைத்துக் குடிக்க வைத்திருப்பாள். அரை மணி நேர வேலை. அப்போது எனக்கு அது நன்றாகத் தெரிந்திருந்தது. பிற்பாடு தெரிந்துகொண்டதல்ல.

“இல்ல,” என்றேன்.

அவள் குறிப்பேட்டைத் திறந்துகூடப் பார்க்காமல் அலமாரியில் வைத்தாள். “மத்தவங்க எழுதினா ரெண்டு தடவை படிப்பேன், ஆர்வில்லா. உங்க எழுத்தைப் படிக்கறதே இல்ல. தெரியுமா உங்களுக்கு?”

வெள்ளியும் சனியும் எனக்கு வேலை இல்லை. இரண்டு நாளும் வெப்பமானியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். நூற்று இரண்டு. நூற்று நான்கு. பாத்திரம் கழுவ நீலத் தொட்டியின் குழாயைத் திறந்தால் கை தானாக மூடிவிடும். ஃபோனை எடுப்பேன், வைப்பேன். ஆமை ஒன்றும் அவ்வளவு சீக்கிரம் செத்துவிடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு, அதையும் யாரிடம் சொல்கிறோம் என்று பார்த்தேன். அறையில் வேறு யாரும் இல்லை.

மாதத்தின் முதல் ஞாயிறு எங்களுக்கு உபவாசம். சனி இரவிலிருந்து ஞாயிறு இரவு வரை சோறும் இல்லை, தண்ணீரும் இல்லை. அன்றைக்குச் சபையில் பிரசங்கம் கிடையாது. யாருக்கு மனதில் என்ன இருக்கிறதோ, அவர் எழுந்து மேடைக்குப் போய்ச் சாட்சி சொல்லலாம். காலையில் நாக்கு வறண்டு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டபோதே நான் முடிவு செய்துவிட்டேன். இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும்.

எனக்கு முன்னால் ஓர்ஃபா எழுந்துவிட்டாள்.

மேடையில் ஒலிவாங்கியைத் தன் உயரத்துக்கு இழுத்துக்கொண்டாள். “பதினோரு வருஷமா தண்ணி சுமக்கறேன். ஜூலைல இந்த முதுகுக்கு ஓய்வு. அதுக்குக் கர்த்தருக்கு நன்றி. பசங்களுக்கு நன்றி. அப்புறம்...” என்னைத் தேடிக் கண்டுபிடித்தாள். “இங்க ஒருத்தி உக்காந்திருக்கா. அவளை நான் ரொம்பப் பேசியிருக்கேன். வியாழக்கிழமை அவ ஒரு காரியம் செஞ்சா. என்ன காரியம்னு நான் சொல்லமாட்டேன். ஏன்னா அது நடக்கவே இல்ல. எல்லாரும் மலையைப் பாத்துக்கிட்டு இருந்தாங்க.”

சபை முழுவதும் சிரித்தது. வெர்லின் பெஞ்சில் அவன் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். யாரோ பின்னாலிருந்து என் தோளைத் தட்டினார்கள். எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. வியாழக்கிழமையிலிருந்தே தெரிந்திருக்கிறது.

“ஆர்வில்லா, நீ எங்க ஆளு. அவ்வளவுதான்,” என்று சொல்லிவிட்டு ஓர்ஃபா கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கினாள்.

வாழ்நாளில் இந்தச் சபை எனக்குக் கொடுத்த பெரிய மரியாதை அது. நான் எழுந்து மேடைக்குப் போனேன்.

“நடந்துச்சு,” என்றேன். “அந்தக் காரியம் நடந்துச்சு. நான் தூக்கினேன். அவ தன் தண்ணியைப் பூராவும் விட்டுட்டா. என் மேலதான் விட்டா. நான் யார்கிட்டயும் சொல்லல. தானா நடந்து போச்சுன்னு எழுதினேன்.”

முன்வரிசையில் இருந்த ஒருவர் புன்னகைத்தார். இன்னொருவர் தலையை ஆட்டினார். நான் ஏதோ வேடிக்கையாகப் பேசுகிறேன் என்று நினைத்தார்களோ, அடக்கமாகப் பேசுகிறேன் என்று நினைத்தார்களோ.

“இங்க இருக்கற எல்லாருக்கும் இப்ப தாகம். ராத்திரி நாம குடிப்போம். அவளுக்கு மூணு நாளா எதுவும் இல்ல.”

“நாங்க உங்களை நேசிக்கிறோம், சிஸ்டர் ஸ்டக்கி,” என்றார் பிஷப், எனக்குப் பின்னால், மெதுவாக. குழந்தைகள் மேடையில் அழுதால் சொல்வாரே, அதே குரலில். “கர்த்தர் உங்க மனசை அறிவார்.”

வெர்ல் மட்டும் என்னைப் பார்க்கவில்லை. தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் இறங்கி, என் இடத்துக்குப் போகாமல், நடுவழியாக நடந்து வெளியே போனேன். வாசலில் ஓர்ஃபா ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

“என்னடி இது? உன்னைப் புகழத்தானே செஞ்சேன்?”

“அதான் ஓர்ஃபா.”

“ஒரு ஆமைக்கு...”

“விடு. கோரினாகிட்ட போறேன்.”

அவள் கை தளர்ந்தது. “அவகிட்ட சொன்னா வேலையை நிறுத்திடுவாங்க.”

“ஆமா.”

“அப்ப இதுவரைக்கும் சொல்லாம இருந்தியே, இன்னும் ஏழு வாரம் சொல்லாம இருந்தா என்ன?”

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. மூன்று நாள் பொறுத்தவளுக்கு நான்காம் நாள் என்ன திடீர் யோக்கியம்?

கோரினா டிரெய்லர் வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். நான் தேவாலய உடுப்பிலேயே நின்று சொன்னேன். முழுவதையும் சொன்னேன்: கையுறை, முழங்கால், ஈரக் கோடு, எழுதியது. அவள் கையில் இருந்த சட்டையை மடித்து, இன்னொரு தடவை மடித்து, படியில் வைத்தாள்.

“வியாழக்கிழமை சாயந்திரம் கேட்டேனே.”

“கேட்டே.”

“தண்ணி விட்டாளான்னு கேட்டேனே.”

“ஆமா.”

“வண்டியில ஏறுங்க, மிஸஸ் ஸ்டக்கி.”

ஏழு வருடத்தில் முதல் தடவையாக அவள் என்னை அப்படிக் கூப்பிட்டாள்.

ஆன்டெனாவைப் பிடித்துக்கொண்டு அவள் முன்னால் நடந்தாள். நாற்பத்தேழின் ரேடியோச் சத்தம் வலுத்து வலுத்து, நான் வைத்த புதருக்கு இருபது அடி தூரத்தில் நின்றது. வளைக்குக்கூடப் போகவில்லை. ஒரு பாறையின் ஒட்டு நிழலில் தலை வெளியே கிடக்க, நாற்பத்தேழு கிடந்தாள். கண்கள் உள்ளே போயிருந்தன. கோரினாவின் நிழல் விழுந்ததும் ஒரு கண் பாதி திறந்தது.

“உயிர் இருக்கு,” என்றாள் கோரினா. வெப்பமானியைப் பார்த்தாள். நூற்று ஒன்று. “இப்ப தொட்டா செத்துடுவா. குடையை எடுத்துட்டு வாங்க.”

மதியம் இரண்டு மணியிலிருந்து நான் குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நிழல் நகரும்போது நானும் நகர்ந்தேன். கையெட்டும் தூரத்தில் நாற்பத்தேழு. பக்கத்தில் ஐந்து காலன் தண்ணீர். தொடக்கூடாது.

நான்கு மணிக்குக் கோரினா ஒரு புட்டியை நீட்டினாள்.

“குடிங்க.”

“இன்னிக்கி உபவாசம்.”

“யாருக்காக? உங்க சாமிக்கா, இவளுக்கா?”

அவள் புட்டியை என் மடியில் வைத்துவிட்டுப் போனாள். நான் குடிக்கவில்லை என்று பெருமையாகச் சொல்ல ஆசைதான். ஐந்து மணிக்குத் தலை சுற்றியது. குடை சாய்ந்தால் வெயில் அவள் மேல் விழும் என்று காரணம் சொல்லிக்கொண்டு பாதிப் புட்டியைக் குடித்துவிட்டேன். நாற்பத்தேழின் கண் பாதி திறந்தே இருந்தது.

ஏழே காலுக்கு வெயில் தொண்ணூற்றைந்துக்குக் கீழே இறங்கியது. கோரினா புதுக் கையுறையைப் போட்டுக்கொண்டு முட்டி போட்டாள். நான் உதவ நகர்ந்தேன்.

“நீங்க குடையை மட்டும் பிடிங்க.”

அவள் தூக்கியதைப் பார்த்தேன். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு மேல் போகவில்லை. சாயவில்லை. ஒரு அடிகூட வீணாக நடக்கவில்லை. தாடை வரைக்கும் தண்ணீர் இருந்த தொட்டியில் இறக்கினாள். நாற்பத்தேழு அசையவே இல்லை. ஐந்து நிமிடம், ஆறு நிமிடம். பிறகு கழுத்து மெல்ல நீண்டது, முகம் தண்ணீருக்குள் போனது, தொண்டை ஏறி இறங்கியது.

“குடிக்கறா!” என்றேன்.

“குடிக்கறா. அதுக்காகப் பிழைச்சுக்குவான்னு அர்த்தம் இல்ல.”

இருபது நிமிடம் குடித்தாள்.

இருட்டுவதற்குள் கோரினா குறிப்பேட்டை வண்டியின் முன்பக்கத்தில் விரித்துப் பேனாவைக் கொடுத்தாள். வியாழக்கிழமைப் பக்கம்.

“தானாக நடந்து சென்றது. அந்த வரியை அடிச்சுட்டு உண்மையை எழுதுங்க. பக்கத்துல கையெழுத்து, இன்னிய தேதி.”

நான் நன்றாக அழுத்தி, எழுத்தே தெரியாதபடி இரண்டு மூன்று கோடு போடப் போனேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஒரே கோடு. கீழ இருக்கறதைப் படிக்க முடியணும். அதுதான் விதி.”

ஒரே கோடு போட்டேன். கோட்டுக்கு அடியில் என் கையெழுத்து அழகாக, முப்பத்தோரு வருடம் முகவரி எழுதிய கையெழுத்து, தெளிவாகத் தெரிந்தது.

வேலையை மூன்று வாரம் நிறுத்திவைத்தார்கள். வெர்லுக்கு எச்சரிக்கை. என்னை நீக்கினார்கள். ஜூலை இருபத்து நான்காம் தேதி பந்தலும் வாத்தியமும் இருந்தன, தண்ணீர் இல்லை. நான் போகவில்லை.

ஓர்ஃபா என்னோடு பேசுவதை நிறுத்தவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. காலையில் நீலத் தொட்டியோடு திரும்பிவரும்போது என் வேலியருகே நிறுத்துவாள்.

“வாளியைக் கொண்டா.”

“வேண்டாம் ஓர்ஃபா. நான் போய்க் கொண்டுவர்றேன்.”

“கொண்டான்னா கொண்டா. நீ வேற தனியா போவியா?” குழாயைச் செருகித் திறந்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். “இன்னும் எத்தனை நாளாம்?”

“பதினெட்டு.”

“ம்,” என்பாள். ஒரு நாளும் அதற்கு மேல் சொன்னதில்லை. நான் வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகும்வரை அவள் என் கையைப் பார்ப்பது எனக்குத் தெரியும். ஒரு சொட்டுச் சிந்தக்கூடாது என்று நடப்பேன்.

ஆகஸ்டு பாதியில் குழாய் திறந்தது. நான்கு நாள் கழித்து மழையும் வந்தது. செப்டம்பரில் ஒரு காலை கோரினாவிடமிருந்து ஃபோனில் ஒரு வரி வந்தது.

“47 உயிரோட இருக்கா.”

நலமா என்று இல்லை, என் பெயரும் இல்லை. நன்றி என்று அடித்தேன். அழித்தேன். மன்னித்துவிடு என்று அடித்தேன். அதையும் அழித்தேன். கடைசியில், “படிச்சேன்,” என்று அனுப்பினேன்.

எழுந்து சமையலறைக் குழாயைத் திறந்தேன். நல்ல வேகமாக வந்தது. அன்று நாற்பத்தேழின் தண்ணீர் ஓடிய மணிக்கட்டை அதன் அடியில் காட்டினேன். உடனே இழுத்துக்கொண்டு மூடினேன்.